செக்ரோலில் பேர் உண்டு, இடாப்பில் இல்லை

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் "இன்றைக்கு எனக்குப் பேர் இல்லை" என்றால் கொழும்பிலிருந்து வந்தவர் திகைப்பார். நமக்கு அது தினப்பேச்சு. வேலை கிடைக்கவில்லை, அல்லது வேலைக்குப் போயும் சொன்ன கிலோ கொழுந்து நிறுக்காததால் நாட்சம்பளம் விழவில்லை என்று பொருள். கொஞ்சம் குறைந்தால் அரைப்பேர். விடியற்காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக் களத்தில் நின்று, மலையேறி இறங்கி, கடைசியில் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், கோடு விழுந்தால்தான் பேர்.

அந்தச் செக்ரோலில் தலைமுறை தலைமுறையாகப் பேர் இருந்தும், நாட்டின் வாக்காளர் இடாப்பில் பேர் இல்லாமல் போனவர்களின் பேரன் நான். அதனாலோ என்னவோ, குடியியல் சுதந்திரம், அரசாங்க அதிகாரத்துக்கு எல்லை என்று எதைப் படித்தாலும் என் கண் முதலில் தேடுவது "யாருக்கு" என்பதைத்தான்.

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கின்றன. மெதுவாகப் படித்தால் இரண்டு சொற்கள் மாறி மாறி வருவது தெரியும். ஒன்று ஆள், மற்றது பிரசை, அதாவது குடியுரிமை உள்ளவர். சித்திரவதை செய்யக்கூடாது, காரணம் சொல்லாமல் கைதுசெய்யக்கூடாது, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பவை ஆள் எவருக்கும் உரியவை. பேச, எழுத, கூட்டம் கூட, தொழிற்சங்கம் சேர, நாட்டுக்குள் விரும்பிய இடத்தில் குடியிருக்கப் பிரசையாக இருக்க வேண்டும். பல நாட்டு அரசியலமைப்புகளில் இப்படி ஒரு பிரிப்பு உண்டு, படிக்கும்போது பெரிதாகத் தெரியாது. ஒரு மலை முழுக்க ஆள்கள் இருந்து, பிரசைகள் மட்டும் குறைவாக இருந்தால்தான் அது உறைக்கும்.

குடியியல் சுதந்திரம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசாங்கம் நமக்குச் செய்து தரவேண்டியவை ஒரு பக்கம் இருக்கின்றன: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாதை. அரசாங்கம் நம்மிடம் செய்யவே கூடாதவை இன்னொரு பக்கம்: பிடித்துக்கொண்டு போய் மறைத்து வைப்பது, அடித்து வாக்குமூலம் வாங்குவது, வாயை அடைப்பது. இந்த இரண்டாவது பக்கத்துக்குப் பெயர்தான் குடியியல் சுதந்திரம். வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1215இல் இங்கிலாந்தின் ஜோன் மன்னன் முத்திரையிட்டுக் கொடுத்த மாக்னா கார்ட்டாவில் தொடங்குவார்கள். சட்டப்படியான தீர்ப்பு இல்லாமல் எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்பிடிக்கக் கூடாது என்ற வரி அதில் இருக்கிறது. சுதந்திர மனிதன் என்ற இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். அன்றைய இங்கிலாந்தில் நிலத்தோடு கட்டப்பட்டிருந்த பண்ணையாள்கள் அந்த வார்த்தைக்குள் வரவில்லை. பிரபுக்கள் தங்களுக்காக வாங்கிய பத்திரம் அது. பிறகு வந்த நூற்றாண்டுகளில் மற்றவர்கள் அதற்குள் ஒவ்வொருவராகப் புகுந்தார்கள். 1679இல் அதே நாட்டில் ஆட்கொணர்வுச் சட்டம் வந்து, பிடித்தவனை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்து என்று அதிகாரியைக் கேட்கும் வழி உறுதியானது.

நம் மலையிலும் ஒரு பத்திரம் உண்டு. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டியில் கையெழுத்தான கண்டி ஒப்பந்தம். மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் பிடித்து, பிறகு வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். பிரதானிகளோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தின் ஆறாவது வாசகம் எல்லா வகைச் சித்திரவதையையும் உறுப்புகளை வெட்டுவதையும் தடைசெய்தது. ஏழாவது வாசகம், ஆளுநரின் எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் யாருக்கும் மரண தண்டனையை நிறைவேற்றக்கூடாது என்றது. மலைநாட்டில் ஆட்சியாளன் கைக்கு எழுத்தில் போட்ட முதல் கட்டுகளில் இவற்றைச் சேர்க்கலாம்.

ஆனால் அதே ஒப்பந்தத்தின் மூன்றாவது வாசகத்தைப் பலர் எடுத்துப் பேசுவதில்லை. மன்னனின் உறவினரோடு சேர்த்து, கண்டி மாகாணங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட "மலபார்" ஆண்கள் அனுமதியின்றித் திரும்பி வரக்கூடாது என்று அது சொல்கிறது. தமிழரை ஆங்கிலேயர் அந்தக் காலத்தில் அழைத்த பெயர் மலபார். மீறினால் இராணுவச் சட்டத்தின்கீழ் தண்டனை. சித்திரவதையை ஒழித்த அதே தாளில் ஒரு கூட்டத்துக்குக் கதவடைப்பும் இருக்கிறது. இருபது வருடம் போகவில்லை, அதே ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களுக்காக அதே மலைக்குத் தமிழரைக் கூட்டம் கூட்டமாக நடத்திக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள்.

கட்டுகள் எவ்வளவு உறுதியாக இருந்தன என்பதும் சீக்கிரமே தெரிந்தது. ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த 1818 கிளர்ச்சியை இராணுவச் சட்டம் போட்டு நசுக்கினார்கள். 1848இல் துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, பாதை வேலைக்கு வரி என்று ஆளுநர் டொரிங்டன் அடுக்கியபோது மாத்தளைப் பக்கம் மக்கள் எழுந்தார்கள். மறுபடி இராணுவச் சட்டம். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவை ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டார்கள். காவி உடையோடு ஒரு பிக்குவையும் சுட்டார்கள். ஆனால் இந்த முறை கதை அங்கே முடியவில்லை. லண்டன் நாடாளுமன்றத்தில் தெரிவுக்குழு உட்கார்ந்து, எந்த நீதியின்கீழ் இத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்டது. டொரிங்டன் 1850இல் பதவியை விட்டுப் போகவேண்டி வந்தது. இறந்தவர்களுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆளுநரையும் கணக்குக் கேட்கலாம் என்பது மட்டும் நிலைத்தது.

இதெல்லாம் அரசாங்கத்தோடு நடந்த வழக்கு. தோட்டத்துக்குள் இருந்தவனுக்கு அரசாங்கம் எங்கே இருந்தது? அவனுக்குத் தெரிந்த ஆட்சி, தோட்டத்தை நடத்தும் துரை, அவருக்குக் கீழே கண்டக்டர், கணக்கப்பிள்ளை, ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி. 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டப்படி, அறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றவியல் குற்றம். சம்பளத் தகராறு வேறெங்கும் சிவில் வழக்காக இருந்திருக்கும். தோட்டத்துக் கூலியாளை அது சிறைக்கு அனுப்பியது. இதற்கு மேல் துண்டு. இந்தத் தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாதவனை வேறு தோட்டம் எடுக்காது. அந்தக் கடன் எப்படி வந்தது? தமிழ்நாட்டிலிருந்து அவனைக் கூட்டிவந்த வழிச்செலவும் முன்பணமும்தான். கங்காணியின் கணக்கில் அது ஏறிக்கொண்டே போகும். துண்டு கைமாறினால் கடனும் ஆளும் சேர்ந்து கைமாறின. கையில் விலங்கு கிடையாது, ஆனால் காலை எடுத்துவைக்க இடமும் கிடையாது.

1921இல் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது. வேலையை விட்டதற்குச் சிறை என்ற பிரிவுகளும் அந்தக் காலத்தை ஒட்டியே போயின. இந்தியாவிலிருந்து வந்த நெருக்குதல் இதற்குப் பெரிய காரணம். தோட்டக்காரர்களின் மனமாற்றம் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை.

துண்டு போனது, கேட் போகவில்லை. தோட்டம் தனியார் சொத்து. வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல். உறவினர் வந்து லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டில், இராத்தங்கவும் அனுமதி கேட்கவேண்டும். கூட்டம் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், தோட்டத்து நிலைமையைக் கண்ணால் பார்க்கப் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார் என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை நாம் துணிச்சல் கதையாகச் சொல்லி மகிழ்கிறோம். சட்டக் கண்ணால் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் நாட்டில் எந்த அளவுக்கு இருந்தாலும், கேட்டுக்குள் ஒரு புடவை மூட்டைக்கு இருந்த உரிமை ஒரு சங்கத் தலைவனுக்கு இருக்கவில்லை. நடேசய்யர் 1931இல் அட்டனைத் தளமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்தார். மனைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆள் சேர்த்தார். தோட்டத்துக்குள் கூட்டம் போடமுடியாததால் நகரத்தில்தான் மேடை.

அப்படி ஒரு நகர மேடையிலிருந்துதான் இலங்கையின் மிகப் புகழ்பெற்ற சுதந்திர வழக்கு பிறந்தது.

மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் லண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1936இல் சின்னத்துரை வேலை, அதாவது துரைக்கு அடுத்த வேலை, பழக இலங்கை வந்து, மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் சேர்ந்தார். துரைமாருக்கு அவர் ஒத்துவரவில்லை. தொழிலாளர் பக்கம் பேசினார், அவர்களோடு பழகினார். வேலை போனது. கப்பலேறாமல் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்துவிட்டார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய பேசினார். பிரேஸ்கேர்டிலும் மேடை ஏறினார். தோட்டத்து ஆட்கள் ஆயிரக்கணக்கில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, ஒரு வெள்ளைக்காரன் எழுந்து வெள்ளைத் துரைமார் செய்வது அநியாயம் என்கிறான். துரை என்றால் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு ஓரமாக நிற்கவேண்டும் என்று பழகியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! துரைமாருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கவே வேண்டாம். மூன்று வாரத்துக்குள் ஆளுநர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸின் உத்தரவு வந்துவிட்டது. ஏப்ரல் 22ஆம் திகதி கையில் கொடுத்தார்கள்: 24ஆம் திகதி மாலைக்குள் நாட்டை விட்டு வெளியேறு.

பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். மே 5ஆம் திகதி காலிமுகத்திடலில் பெரிய கூட்டம், திடீரென்று அவரே மேடையில் தோன்றினார். இரண்டு நாளில் பிடித்தார்கள். கட்சி, எச்.வி. பெரேராவை வைத்து உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு எழுத்தாணை கேட்டது. அரசாங்கம் காட்டிய அதிகாரம் 1896ஆம் ஆண்டின் ஓர் அரச ஆணை. ஆளுநர் நினைத்தால் ஒருவரை நாடு கடத்தலாம் என்று பொருள்படும்படி எழுதியிருந்தது. பிரதம நீதியரசர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர்கள் கேட்டார்கள். மே 18ஆம் திகதி தீர்ப்பு. இந்த அதிகாரம் அவசர நிலைமைக்கு உரியது, நாட்டில் அப்படி ஒரு நிலைமை இல்லாதபோது ஒருவரின் பேச்சு பிடிக்கவில்லை என்பதற்காக ஆளுநர் அதை எடுக்கமுடியாது என்றார்கள். நீதிமன்ற வழியாக அல்லாமல் யாருடைய சுதந்திரத்தையும் பறிக்கமுடியாது என்ற மாக்னா கார்ட்டாக் கொள்கையைத் தீர்ப்பிலேயே சொன்னார்கள். பிரேஸ்கேர்டில் விடுதலையானார். சட்டக் கல்லூரியில் இன்றும் படிக்கிறார்கள்.

எனக்கு இந்த வழக்கு மிகவும் பிடிக்கும், ஒரு நெருடலும் உண்டு. நாவலப்பிட்டியில் அன்று பேசியவனுக்கு நீதிமன்றம் கிடைத்தது. கேட்டுக்கொண்டு நின்றவர்களில் ஒருவனை மறுநாள் துரை வேலையிலிருந்து நிறுத்தி, லயக் காம்பராவைக் காலி செய் என்றிருந்தால்? அது அரசாங்க உத்தரவு அல்லவே. அவனுக்கு எந்த எழுத்தாணை?

இரண்டே முக்கால் வருடம் கழித்து, 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது, கொல்வின் ஆர். டி சில்வா கோவிந்தனின் மனைவிக்காக வாதாடினார். அதே வருடம் ஜூனில், யுத்தகாலப் பாதுகாப்பு விதிகளின்கீழ் சமசமாஜக் கட்சித் தலைவர்களான கொல்வின், என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரை விசாரணையின்றி அடைத்தார்கள். பிரேஸ்கேர்டில் தீர்ப்பு அவர்களுக்கு உதவவில்லை, ஏனென்றால் இப்போது உண்மையிலேயே அவசர நிலைமை. 1942 ஏப்ரலில் அவர்கள் கண்டிச் சிறையிலிருந்து காவலாளி ஒருவரின் துணையோடு தப்பிப் போனார்கள். அவசரநிலை என்ற ஒரு சொல் எவ்வளவு பெரிய கதவு என்பதை ஆட்சியாளர்களும் கவனித்துக்கொண்டார்கள். பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சுதந்திரத்துக்கு முன்பே, 1947இல் நிறைவேறிவிட்டது. அடுத்த பல பத்தாண்டுகள் நாடு அதன்கீழேதான் பெரும்பாலும் ஓடியது.

இனி 1948. நம் வீடுகளில் எல்லோரும் பேசுவது, சரியாகப் புரிந்தவர்கள் குறைவு.

சுதந்திரம் கிடைத்தபோது இருந்த சோல்பரி அரசியலமைப்பில் தனியாக உரிமைகள் பட்டியல் கிடையாது. ஆனால் 29(2) என்ற பிரிவு இருந்தது. மற்றச் சமூகத்தாருக்கு இல்லாத தடையையோ குறைபாட்டையோ ஒரு சமூகத்தின்மேல் சுமத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது, இயற்றினால் செல்லாது என்றது. காகிதத்தில் நல்ல கடிவாளம். அதை நம்பித்தான் சிறுபான்மையினர் சுதந்திரத்துக்குத் தலையாட்டினார்கள்.

1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகள் பக்கம் சாய்ந்தன. அடுத்த வருடமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அதில் இந்தியர், தமிழர் என்று ஒரு சொல் கிடையாது. 1948 நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்தவரானால், தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்கவேண்டும் என்றது. அவ்வளவுதான். கிராமத்துச் சிங்களவரிடமும் பத்திரம் இருந்திராது, ஆனால் அவரிடம் யாரும் கேட்கப்போவதில்லை. லயத்துக்காரரிடம் கேட்டார்கள். 1949இல் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்து, விண்ணப்பித்துப் பதிவுசெய்துகொள்ளலாம் என்றது. 1946 ஜனவரி 1க்கு முன் விடாமல் ஏழு வருடம் இங்கே இருந்ததைக் காட்டவேண்டும், திருமணமாகாதவர் பத்து வருடம். ஊருக்குக் கலியாணத்துக்கோ சாவுக்கோ போய்வந்தவர்களுக்கு அந்தப் பயணமே வினையாக வந்தது. அதே 1949இல் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசை அல்லாதவரின் பேரை இடாப்பிலிருந்து வெட்டியது. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இதற்கு எதிராக நீதிமன்றம் போனவர் கோடகன் பிள்ளை. கேகாலை மாவட்டம், ருவன்வெல்ல தொகுதி. இடாப்பில் தன் பேரைப் போட மறுத்ததை எதிர்த்தார். வாக்காளர் இடாப்பு மீளாய்வு அதிகாரியாகக் கேகாலையில் இருந்த சிவஞானசுந்தரம் துணிந்து ஒரு தீர்ப்புச் சொன்னார்: இந்தச் சட்டங்கள் 29(2)ஐ மீறுகின்றன, செல்லா. ஒரு மாவட்ட மட்டத்து அதிகாரி நாடாளுமன்றத்தின் சட்டத்தைத் தள்ளிவைத்த அந்த நாளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 1951இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கு அன்று கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் வரை போய், 1953இல் அங்கேயும் தோற்றது. யார் தன் பிரசை என்று முடிவுசெய்வது எந்தச் சட்டமன்றத்துக்கும் இயல்பான வேலை, சட்டத்தின் வாசகம் ஒரு சமூகத்தைக் குறிவைத்ததாகத் தெரியவில்லை என்றார்கள்.

முடிச்சு அங்கேதான் விழுந்தது. 29(2) அரசாங்கத்தின் கையைக் கட்டியது, ஆனால் யார் யாருக்காகக் கட்டியது என்பதை முடிவுசெய்யும் உரிமையை அதே அரசாங்கத்திடம் விட்டுவைத்தது. வாசலில் பூட்டுப் போட்டுச் சாவியைக் கள்ளனிடமே கொடுத்த மாதிரி. பிற்காலத்தில் வெவ்வேறு வழக்குகளில் நீதிமன்றம் 29(2)ஐ வைத்து நாடாளுமன்றத்துக்கு எல்லை உண்டு என்று பேசியிருக்கிறது. தேவைப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் அது வேலை செய்யவில்லை. 1972 அரசியலமைப்பு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது.

அடுத்த ஐம்பது வருடத்தை இங்கே வேகமாகக் கடக்கிறேன். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காகப் பதிவு விண்ணப்பங்கள் போயின, 1964 வரை ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. அந்த வருடம் அக்டோபர் 30ஆம் திகதி இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்ப்போம். 1974இல் அந்த மீதியைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். கொழுந்து நிறுக்கிற தராசில்கூட இவ்வளவு வழுவழுப்பான எண்கள் வராது. ஒருவரிடமும் கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். 1977 மே 11ஆம் திகதி, டெவன் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்றபோது பொலிஸ் சுட்டுச் சிவனு லெட்சுமணன் இறந்தார். 1988இன் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பிறகுதான் நாடற்றவர் என்ற சொல் சட்டத்தளவில் நம்மை விட்டது.

நடுவில் ஒரு விசித்திரம் இருக்கிறது, அதை விடமுடியாது. 1978 அரசியலமைப்பை எழுதியவர்களுக்கு மலையில் இலட்சக்கணக்கான நாடற்றவர்கள் இருப்பது தெரியும். பேச்சுரிமை, சங்க உரிமை எல்லாம் பிரசைக்கு மட்டும் என்று உறுப்புரை 14(1)இல் எழுதிவிட்டு, 14(2)இல் ஒரு சலுகை வைத்தார்கள். வேறு எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் சட்டப்படி இங்கே நிரந்தரமாக வாழ்பவருக்கும் இந்த உரிமைகள் உண்டு, பத்து வருடத்துக்கு. அதாவது 1978 செப்டம்பர் 7 முதல் 1988 செப்டம்பர் வரை வாயைத் திறக்கலாம். தோட்டத்தைத்தான் குத்தகைக்கு விடுவார்கள் என்று நினைத்திருந்தோம். பேச்சையும் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள்!

அந்த அரசியலமைப்பு கொண்டுவந்த பெரிய வசதி, உரிமை மீறப்பட்டால் நேராக உயர் நீதிமன்றம் போகலாம் என்பது. 126ஆம் உறுப்புரை. இதில் மூன்று விஷயங்கள் தோட்டத்துக்காரருக்கு இடிக்கும். முதலாவது காலக்கெடு, ஒரு மாதம். மஸ்கெலியாவிலிருந்தோ பசறையிலிருந்தோ கொழும்பு புதுக்கடைக்குப் போய் வக்கீல் பிடித்து மனுப் போட ஒரு மாதம் எவ்வளவு குறைவு என்று கைக்காசுக்கு வேலை செய்பவருக்குத் தெரியும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிற இந்த வழி பலருக்குத் தெரியாது. இரண்டாவது, ஒரு சட்டம் நிறைவேறிவிட்டால் அது செல்லுமா என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்கமுடியாது. சட்டமூலமாக இருக்கும் சில நாட்களுக்குள்தான் கேட்கலாம். கோடகன் பிள்ளை செய்ததை இன்று ஒருவர் செய்யப் போனால் கதவு திறக்கவே திறக்காது.

மூன்றாவதுதான் பழைய கேட். நிர்வாகத்துறைச் செயலை எதிர்த்துத்தான் 126இன்கீழ் போகலாம். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு துரையே அரசாங்கத்தின் ஆள். 1992இல் தனியார் கம்பனிகள் கைக்கு மாறியபோது அது மறுபடி மங்கிவிட்டது. காணி இன்னும் அரசாங்கத்துடையது, கம்பனியிடம் இருப்பது குத்தகை. ஆனால் பாதையை அடைத்தவரும் தண்ணீரை நிறுத்தியவரும் அரசாங்கம்தானா என்ற கேள்விக்குப் பதில் தேடுவதற்குள் அந்த ஒரு மாதம் போய்விடும்.

அரசாங்கமே செய்தால் மட்டும் நியாயம் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அமைச்சரின் உத்தரவில் 18 மாதம் வரை தடுத்து வைக்கலாம், பொலிஸ் உதவி அத்தியட்சகரிடம் சொன்ன வாக்குமூலமும் சாட்சியம். 2022 திருத்தத்தில் 18 மாதம் 12 ஆனது. 2000 அக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசாங்கத்தின் காவலில் இருந்த தமிழ் இளைஞர்களைக் கும்பல் புகுந்து கொன்றது. 25க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொலிஸ் பக்கத்திலேயே இருந்தது. 2005இல் மேன்முறையீட்டில், கடைசியாக எஞ்சியிருந்தவர்களும் விடுதலையானார்கள். பிடித்து வைக்கும் அதிகாரத்தோடு பாதுகாக்கும் கடமையும் வரவேண்டும் என்பதை அந்த மலைச்சரிவில் யாரும் நிரூபிக்கவில்லை.

ஆனாலும் ஒரு தீர்ப்பை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். 1998இல் மத்திய, ஊவா உட்பட ஐந்து மாகாண சபைகளுக்கு நடக்கவிருந்த தேர்தலை அவசரகால விதியைக் காட்டி நிறுத்தினார்கள். கருணாதிலக என்பவர் தொடுத்த வழக்கில், 1999 ஜனவரியில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ சொன்னது இது: வாக்களிப்பதும் ஒரு பேச்சு. 14(1)(அ) பேச்சு மற்றும் கருத்து வெளியிடும் சுதந்திரத்தைப் பாதுகாக்கிறது என்றால், புள்ளடி போடுவதையும் அது பாதுகாக்கிறது. அரசியலமைப்பின் உரிமைகள் பட்டியலில் வாக்குரிமை தனியாக இல்லாத குறையை இப்படி நிரப்பினார். தேர்தல் நடந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் 1949ஐத் திரும்பிப் பார்ப்பேன். அந்தக் கணக்கில் நம் தாத்தாமாரை ஊமையாக்கினார்கள் என்றாகிறது.

உள்ளூராட்சித் தேர்தலை 2023இல் ஒத்திப்போட்டதும் உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது, 2025 மே மாதம் வாக்குப் போட்டோம். மத்திய மாகாண சபைக்குத்தான் 2013க்குப் பிறகு வாக்குப் போட்ட நினைவே இல்லை. இந்தப் பிரதேச சபை விவகாரத்திலும் ஒரு கூத்து. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளைச் சபையின் சேவைக்கு வெளியே நிறுத்தியிருந்தது. வாக்கு லயத்திலிருந்து போகலாம், வென்றவர் அந்த லயத்துக்கு ஒரு வடிகால் கான் வெட்ட முடியாது. 2018இல்தான் திருத்தினார்கள்.

போன வருடம் எங்கள் லயத்துப் பையன் ஒருவனை ஏதோ அடிதடி விசாரணைக்குப் பொலிஸ் கூட்டிப்போனது. அவன் அம்மாவோடு நானும் போனேன். அரசியலமைப்பின் 13(1)ஐப் படித்தவன் என்ற தைரியம் எனக்கு. கைதுசெய்யப்பட்ட ஆள் எவருக்கும் காரணத்தைச் சொல்லவேண்டும். இங்கே பிரசையா என்று கேட்கத் தேவையில்லை, ஆளாக இருந்தால் போதும். வெளியில் வாங்கில் இரண்டு மணி நேரம் இருந்தோம். பையன் வந்தான், பெரிய பிரச்சினை இல்லை, அனுப்பிவிட்டார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தாயா என்று கேட்டேன். வைத்தேன் என்றான்.

"வாசிச்சுக் காட்டினாங்களா?"

"காட்டினாங்க அண்ணே. சிங்களத்துல."